மாத்திரையைப் பொடிக்கும் முன் ராபர்ட் லாங்கரைத் தெரிந்துகொள்வோம்

1974இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் முனைவர் பட்டம் முடித்த ராபர்ட் லாங்கரை எண்ணெய் நிறுவனங்கள் வரிசையாக வேலைக்குக் கூப்பிட்டன. அவரோ பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வகத்துக்குப் போனார். புற்றுக்கட்டிக்கு ரத்தக்குழாய் வளரவிடாமல் தடுக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார் ஃபோக்மன். அதைச் சோதிக்க, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். பிளாஸ்டிக் போன்ற பாலிமருக்குள்ளிருந்து அப்படி வராது என்றுதான் அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள். வரும் என்று இருவரும் 1976இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். அப்புறமும் லாங்கர் நிதி கேட்டு எழுதிய முதல் ஒன்பது விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. வேதிப் பொறியியல் துறைகளும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, எம்.ஐ.டி.யின் ஊட்டச்சத்து, உணவு அறிவியல் துறையில்தான் இடம் கிடைத்தது.

அவரும் ஹென்றி பிரெம் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் உருவாக்கிய 'கிளியாடெல்' என்ற பாலிமர் வில்லைக்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளைக்கட்டியை அகற்றிய குழியில் எட்டு வில்லைகள் வரை வைப்பார்கள். சோப்புக்கட்டி போல மேற்பரப்பிலிருந்து கரைந்து, கார்முஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை அங்கேயே விடும். கோவிட் தடுப்பூசி தயாரித்த மாடர்னா நிறுவனத்தை 2010இல் தொடங்கியவர்களிலும் லாங்கர் ஒருவர்.

மெதுவாகக் கரையும் மாத்திரைகள் லாங்கருக்கு முன்பே இருந்தன. ஆனால் மருந்து வெளிவரும் வேகமும் மருந்தின் ஒரு பகுதி என்பதை அவர் வாழ்க்கை அளவுக்கு வேறெதுவும் எனக்குப் புரியவைத்ததில்லை. மருந்துக் கடையில் நான் அடிக்கடி கேட்பது இது: "அப்பாவால முழுங்க முடியல, பொடிச்சு மோர்ல கலந்து குடுத்துட்டோம்." அட்டையில் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால், அது மருந்தை மெதுவாக விடும் வகை, தயவுசெய்து பொடிக்காதீர்கள். நாள் முழுக்க வரவேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். ரத்த அழுத்த மருந்தான நிஃபெடிபின் என்றால் அழுத்தம் சட்டென்று சரியும். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் என்றால் மூச்சே நின்றுபோகலாம். நடுவில் கோடு போட்ட சிலவற்றை இரண்டாக உடைக்கலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவற்றையும் பொடிக்கக் கூடாது.

விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பல மருந்துகளுக்குத் திரவ வடிவமோ வேறு மாற்றோ உண்டு. மலத்தில் மாத்திரை அப்படியே வருகிறது என்று பயந்து பொடிக்கத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். சில வகைகளில் மருந்தெல்லாம் வெளியேறியபின் வெறும் கூடு மட்டும் அப்படி வரும்.