மெத்தென்ற சீட் ஏன் நூறு கிலோமீட்டரில் கல்லாகிறது?

தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு 350 சிசி வண்டியில் அடிக்கடி போய்வரும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: சீட் வலி தாங்காமல் குஷன் கடையில் கொடுத்து, இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பாஞ்சாகப் போடச் சொன்னேன், முதல் அரை மணி நேரம் சொகுசாக இருந்தது, விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் பழைய சீட்டைவிட மோசமாக வலிக்கிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து எது மெத்தென்று இருக்கிறதோ அதுதான் நல்ல சீட் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம், தவறு அந்த நம்பிக்கையில் இருக்கிறது.

முதலில் உடம்பு. உட்காரும்போது நம் எடை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகள் வழியாக இறங்குகிறது, கையால் தடவினாலே தெரியும். 70 கிலோ ஆள் ஒருவர், கையும் காலும் கொஞ்சம் தாங்கிக்கொள்ள, சீட்டின்மேல் 50 கிலோவை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரப்பலகையில் அது 100 சதுர சென்டிமீட்டரில் குவிந்தால் அழுத்தம், ரத்த அழுத்தம் பார்க்கும் அதே பாதரச அளவில், 360 மில்லிமீட்டரைத் தாண்டும். நல்ல சீட்டில் 600 சதுர சென்டிமீட்டருக்குப் பரவினால் 60 சொச்சம்தான். ரத்தத்தின் பக்கம் என்ன இருக்கிறது? 1930-இல் உடலியல் ஆய்வாளர் யூஜின் லாண்டிஸ் நகத்தோரத் தோலில் இருக்கும் நுண்குழாய்களுக்குள் அழுத்தத்தை அளந்தார், ரத்தம் உள்ளே நுழையும் முனையில் சராசரி 32 மில்லிமீட்டர். சீட்டின் அழுத்தம் முழுதாக உள்ளே இறங்குவதில்லை, கொழுப்பும் தசையும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனாலும் எலும்பு முண்டுக்கு அடியில் சிக்கிய சதைக்கு ரத்தம் சரியாகப் போகாது. முதலில் மரத்துப்போகும், அப்புறம் எரியும். 1959-இல் மருத்துவர் மைக்கேல் கோசியாக் நாய்களிடம் செய்த சோதனைகளில் இன்னொன்று தெரிந்தது: பெரிய அழுத்தம் கொஞ்ச நேரத்தில் செய்யும் சேதத்தை, சிறிய அழுத்தம் நீண்ட நேரத்தில் செய்துவிடும். அதாவது அழுத்தத்தோடு நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். காரில் போகிறவர் தன்னையறியாமல் அசைந்துகொண்டே இருக்கிறார், வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஸ்பாஞ்சு என்று நாம் சொல்லும் ஃபோம் பெரும்பாலும் காற்று. பாலியூரித்தேன் பிளாஸ்டிக் கட்டியாக இருந்தால் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1200 கிலோ எடை இருக்கும், சீட்டில் போடும் ஃபோம் 50 கிலோ என்றால் நூறில் நான்கு பங்குதான் பொருள், மிச்சம் 96 பங்கும் காற்று. தயாரிக்கும்போது ஐசோசயனேட் என்ற மூலப்பொருளோடு கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து கரியமில வாயு கிளம்புகிறது, அந்தக் குமிழிகள் பொங்கி, ஒன்றையொன்று நெருக்கி, குமிழிச் சுவர்கள் கிழிந்த பிறகு விளிம்புகள் மட்டும் நிற்கின்றன. பூதக்கண்ணாடியில் பாருங்கள், முடியைவிட மெல்லிய குச்சிகளால் கட்டிய கூண்டுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும். நாம் உட்காருவது அந்தக் குச்சிகளின் மேல்தான்.

பள்ளிக்கூடத்து பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை மேஜைமேல் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அமுக்குங்கள். முதலில் முறைத்துக்கொண்டு நிற்கும், திடீரென்று ஒரு பக்கமாக வளைந்துவிடும். வளைந்த பிறகு இன்னும் கீழே கொண்டுபோகக் கூடுதல் பலம் கிட்டத்தட்ட தேவையே இல்லை. இந்த வளைவின் கணக்கைக் கணித மேதை ஆய்லர் 1744-லேயே போட்டுவிட்டார். ஃபோமுக்குள் ஒவ்வொரு குச்சியும் இதைத்தான் செய்கிறது. லேசாக அமுக்கினால் குச்சிகள் எதிர்க்கின்றன. உயரத்தில் நூறில் ஐந்து பங்கு அமுங்கியதுமே வரிசை வரிசையாக மடங்க ஆரம்பிக்கின்றன, அதற்கப்புறம் பாதி உயரம்வரை அமுக்கினாலும் எதிர்ப்பு கொஞ்சம்தான் ஏறுகிறது.

இதில் உள்ள அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எலும்பு முண்டு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, பக்கத்தில் தொடைச்சதை ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது, ஆனால் இரண்டு இடத்திலும் ஃபோம் திருப்பித் தள்ளும் விசை ஏறக்குறைய ஒரே அளவு! சாதாரணச் சுருள்வில் என்றால் இரண்டு மடங்கு இறங்கிய இடத்தில் இரண்டு மடங்கு முட்டும். ஃபோம் அப்படிச் செய்யாது, முண்டு ஆழமாக இறங்க வழிவிட்டு எடையைச் சுற்றியுள்ள சதைக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத குச்சிகள் மடங்குவதாலேயே இது நடக்கிறது என்பது எனக்கு இன்றுவரை வியப்பாக இருக்கிறது.

இந்தச் சலுகைக்கு எல்லை உண்டு. உயரத்தில் நூறில் அறுபது எழுபது பங்கு அமுங்கிவிட்டால் மடங்கிய குச்சிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. கூண்டுகளில் இடம் தீர்ந்துவிட்டது, இனி அமுக்குவது பிளாஸ்டிக் கட்டியை. எதிர்ப்பு செங்குத்தாக ஏறும். வாசகரின் மென்மையான ஸ்பாஞ்சு உட்கார்ந்த நிமிடத்தில், குச்சிகள் மடங்கி வழிவிடும் அந்த நடுக்கட்டத்தில்தான் இருந்தது. பாலியூரித்தேன் சும்மா இருக்கும் பொருள் அல்ல, எடை மேலே இருக்க இருக்க மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும், உடல் சூடும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் இளகும். ஒரு மணி நேரத்தில் அது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, அதற்குக் கீழே இருப்பது சீட்டின் தகடுதான்.

அடர்த்தியைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதனால்தான். ஃபோம் போன்ற பொருள்களை ஆராய்ந்த லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் வகுத்த கணக்குப்படி, அதே ரசாயனக் கலவையில் அடர்த்தி இரண்டு மடங்கானால் குச்சிகள் மடங்கத் தொடங்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். 50 கிலோ ஆளுக்குச் சரியான ஃபோம் 90 கிலோ ஆளுக்குத் தரைதட்டும், 90 கிலோ ஆளுக்குச் சரியானதில் 50 கிலோ ஆள் பலகையில் உட்கார்ந்தது போல உணர்வார். எல்லோருக்கும் ஒரே சீட் என்பது நடக்காத காரியம்.

சரி, சீட்டை மட்டும் திட்டிப் பயனில்லை, வண்டியையும் பார்க்க வேண்டும். ஃபோமும் ஆளும் சேர்ந்தால் நொடிக்கு நான்கைந்து முறை ஆடும் ஓர் ஊஞ்சல் மாதிரி, அந்த வேகத்தில் வரும் குலுக்கலை அது பெருக்கும், அதைவிட நன்றாக வேகமான அதிர்வை விழுங்கும். நிமிடத்துக்கு 4200 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 70 முறை அதிர்கிறது, நல்ல ஃபோம் அதை உங்களிடம் விடாது. தரைதட்டிய ஃபோம் அப்படியே கடத்திவிடும். மெதுவான பெரிய குலுக்கலை அடக்க வேண்டியது பின் ஷாக். எண்ணெய் கசிந்த ஷாக்கில் ஸ்பிரிங் மட்டும்தான் வேலை செய்யும், ஒரு பள்ளத்துக்கு நான்கு முறை தூக்கிப்போடும், அது சீட்டின் கோளாறு என்று நாம் நினைத்துக்கொள்வோம். அதனால் குஷன் கடைக்குப் போவதற்கு முன் ஷாக் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, எஞ்சின் மவுன்டிங் போல்ட் தளர்ந்திருக்கிறதா, பின்சக்கரத்துக் கப்ளிங் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செயினைச் சக்கரம் முழுக்கச் சுற்றிப் பார்த்து ஓரிடத்தில் மட்டும் இறுகுகிறதா என்று கவனியுங்கள். டயர் காற்று வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம், காலையில் ஓடுவதற்கு முன் பிடியுங்கள்.

காற்றுப்பையும் ஜெல்லும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காற்றுப்பையில் அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம், பாஸ்கல் விதி. சக்கர நாற்காலியில் நாள் முழுக்க இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் காப்பதும் இதே உத்தி. ஆனால் முக்கால்வாசிப் பேர் காற்றை அதிகமாக ஊதிவிட்டு பந்தின்மேல் உட்காருகிறார்கள், உட்கார்ந்த பிறகு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி மிஞ்சினால் போதும். ஜெல் அமுங்காது, பக்கவாட்டில் ஒதுங்கத்தான் செய்யும், ஒதுங்க இடமில்லாமல் ரெக்சினுக்குள் இறுக்கித் தைத்துவிட்டால் காசு வீண். வெயிலில் நிறுத்தினால் சூட்டையும் விடாமல் வைத்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகிலேயே மிகப்பெரிய இருசக்கர வண்டிச் சந்தை நம்முடையது. ஐரோப்பாவில் வேலை செய்கிறவர் உடம்பு ஒரு நாளில் எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்று 2002-லேயே வரம்பு வகுத்துவிட்டார்கள். நம் ஊரில் உணவும் பார்சலும் கொண்டுபோகும் பிள்ளைகள் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் சீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் முதுகும் இடுப்பும் ஐந்து வருடத்தில் என்ன ஆகும் என்று அளந்து பார்க்க அரசு ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். சிறிய பணம்தான், பலன் கோடிக்கணக்கானவர்களுக்கு.

வாசகருக்கு என் பதில்: இருக்கிற மென்மையான ஸ்பாஞ்சைத் தூக்கிப்போட வேண்டாம், அதை மேலடுக்காக ஒரு விரல் தடிமனுக்கு வைத்துக்கொண்டு, அடியில் துகள்களை அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோமோ அடர்த்தியான ஃபோமோ போடச் சொல்லுங்கள். சீட் டேங்க் பக்கமாகச் சரிந்திருந்தால் முன்பகுதியைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் வழுக்கிப்போய் ஒடுங்கிய இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ரெக்சினை இறுக்கி இழுக்கக் கூடாது, துணியே எடையைத் தாங்கினால் ஃபோமுக்கு வேலை இல்லை. தையல் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் ஃபோம் குடித்துவிட்டுச் சீக்கிரம் தட்டையாகும், அதனால் உள்ளே ஒரு பாலிதீன் உறை கேளுங்கள். ஓட்டும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை, நேரான காலிச் சாலையில், ஃபுட்ரெஸ்ட்மேல் சில நொடி எழுந்து நில்லுங்கள், ரத்தம் திரும்ப ஓட அது உதவும். முக்கியமாக, கடைக்காரர் ஸ்டேப்ளர் பின் அடிப்பதற்கு முன் வெறும் ஃபோமை வண்டியில் மாட்டி, அதன்மேல் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அவர் முணுமுணுத்தாலும் சரி.