ஸ்பீக்கர் தராத சுரம் காதில் எப்படிக் கேட்கிறது?

மார்த்தாண்டத்தில் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஆறு கட்டையில பாடுற பாட்டுக்காக அஞ்சு கம்பி பேஸில் பி சுரக் கம்பியை ஏ சுரத்துக்கு இறக்கினேன். கம்பி தொளதொளன்னு ஆகி ஃப்ரெட்டில் அடிக்குது. அது போகட்டும், அந்த ஏ 27.5 ஹெர்ட்ஸாம். எங்க ஸ்பீக்கர் 60-க்குக் கீழே பெருசா ஒண்ணும் தராது. அப்போ எனக்குக் கேக்குறது என்ன?"

தொளதொளப்பு பள்ளிப் பாடம்தான். நீளமும் கனமும் மாறாத கம்பியில் இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போகும் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-லேயே எழுதிவிட்டார். பி 30.87 ஹெர்ட்ஸ். அங்கிருந்து 27.5-க்கு இறங்கினால் அதிர்வெண் குறைவது 11 சதவீதம், இழுவிசை குறைவதோ 21 சதவீதம். அதே விரல் வேகத்துக்குக் கம்பி அதிகமாக ஆடுகிறது, கழுத்தில் பதித்திருக்கும் உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் இடிக்கிறது. அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. கம்பி ஒரே அதிர்வெண்ணில் ஆடுவதில்லை, 27.5-உடன் 55, 82.5, 110, 137.5 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே எழும்புகின்றன. உங்கள் ஸ்பீக்கர் முதல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 82.5, 110, 137.5 மூன்றையும் கூட்டி வரைந்து பாருங்கள், அந்த அலை முழுசாகத் திரும்பத் தொடங்குவது நொடிக்கு 27.5 தடவைதான்! செவி நரம்புகள் அலையின் ஏற்ற இறக்கத்தோடு தாளம் தப்பாமல் துடிப்பவை என்பதால், அந்தத் திரும்பல் மூளைக்குப் போய்ச் சேர்கிறது, மூளை அதையே சுருதியாக எடுத்துக்கொள்கிறது. பழைய தொலைபேசியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. ஆனாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் பேசும் அப்பாவின் கட்டைக்குரல் கட்டைக்குரலாகவே கேட்டதற்கும் இதுதான் காரணம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 55, 110, 165 மட்டும் மிஞ்சினால் அலை 55 தடவை திரும்பும், காது அதை ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஏ என்றே எடுத்துக்கொள்ளும். கீழ் ஏ-யைக் காட்டிக்கொடுப்பவை 82.5, 137.5 போன்ற, 27.5-இன் ஒற்றைப்படை மடங்கான மேற்சுரங்கள். ஆனால் கம்பியை அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் சுண்டினால் மூன்று மடங்கான 82.5 எழும்பவே எழும்பாது. அந்த இடம் 19-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே, பலர் 'கனமாகக் கேட்கும்' என்று விரலைக் கொண்டுபோகும் பக்கம்தான். திறந்த ஏ வாசிக்கும்போது கையைக் கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம், அதாவது உடல் பகுதியில் கம்பி முடியும் தாங்கியின் பக்கம், நகர்த்துங்கள். 30 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் காதுக்கே சுருதி மங்கத் தொடங்கும், ஆகவே கிடைக்கிற மேற்சுரங்களை வீணாக்கக் கூடாது. திருவிழா மேடைகளில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் பாறசாலைப் பக்கமானாலும், பேஸ் குமிழை முழுசாகத் திருகிவைப்பது ஸ்பீக்கரால் தர முடியாததைக் கேட்டு அதை வதைப்பது.

நம் ஊரில் இசைக்கருவி ஆராய்ச்சியைப் பொழுதுபோக்காகவே பார்க்கிறார்கள், எனக்கு அது எரிச்சல். மிருதங்கத்தின் மேற்சுரங்கள் ஏன் முழு எண் விகிதத்தில் அமைகின்றன என்று 1920-இல் நேச்சர் இதழில் எழுதியவர் சி.வி.ராமன். காசு ஒதுக்க வேண்டியது அந்த மாதிரி வேலைக்கு. நாமோ கருவிகளைச் சுருதி சேர்க்கும் ஏ-யை 440 ஹெர்ட்ஸிலிருந்து 432-க்கு மாற்றினால் நோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் பரப்பிக்கொண்டிருக்கிறோம். நொடி என்பதே மனிதர் வகுத்த அளவு, அதில் 432-க்கு என்ன மகிமை?

சரி, கம்பி விஷயம். இழந்த இழுவிசையை மீட்க 130 தடிமன் கம்பிக்குப் பதில் 145 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) போடலாம், கணக்குப்படி சரியாக வரும். ஆனால் தடித்த கம்பி விறைப்பும் கூடியது, அதனால் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்திலிருந்து விலகும், சத்தம் கலங்கும். கம்பிக்குள் ஓடும் நடுக்கம்பி மெல்லியதாகவும் அதன் மேல்சுற்று கனமாகவும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு பாட்டுக்காக மட்டும் இறக்குகிறீர்கள் என்றால் 135 போதும், விரலை லேசாக்கி வாசியுங்கள். 145 போட்டால் நட்டில், அதாவது கழுத்தின் முனையில் கம்பி உட்காரும் பட்டையில், உள்ள வெட்டை அரத்தால் அகலப்படுத்த வேண்டியிருக்கும், பிறகு பழைய கம்பி அதில் ஆடும்.