பதாகை பிடிக்க மட்டும்தான் பிள்ளைகளா?

விழிப்புணர்வுப் பேரணி எப்படி நடக்கும் என்று தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒன்பதரை மணிக்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிடுவார்கள். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் பதினொன்றுக்கு வந்து சேர்வார். அப்புறம் ஆளுக்கொரு பதாகை. வாத்தியார் கோஷத்தின் முதல் பாதியைச் சொல்ல, பிள்ளைகள் மீதியைக் கத்திக்கொண்டே பேருந்து நிலையம் வரை ஒரு நடை. திரும்பியதும் பிஸ்கட் பாக்கெட். மறுநாள் பேப்பரில் படம் வரும். பதாகையில் என்ன எழுதியிருந்தது என்று அன்று சாயங்காலம் கேட்டால், அதைப் பிடித்திருந்தவனுக்கே ஞாபகம் இருக்காது.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் பல வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்த திட்டம் இது. மேல்நிலை வகுப்புகளுக்கு வந்தது பிற்பாடு. ஊரில் எந்த நிகழ்ச்சி என்றாலும், "சார், ஒரு ஐம்பது பசங்களை அனுப்பி வையுங்க" என்று எனக்கு ஃபோன் வரும். எதற்கு என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. நாற்காலி காலியாகக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே மனிதர் இன்னொரு நாள் டீக்கடையில் பார்க்கும்போது, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஊர் விஷயத்துல அக்கறையே இல்லை சார், எந்நேரமும் செல்லுதான்" என்பார்.

அக்கறை இல்லையா? தை பிறந்ததும் ஏதாவது ஒரு கிராமத்தில் பொங்கல் விளையாட்டுப் போட்டியைப் போய்ப் பாருங்கள். மார்கழி பாதியிலேயே வசூல் நோட்டு அச்சடித்துவிடுவார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் ஆட்களுக்கு ஃபோன் போட்டு ஜிபேயில் பணம் வாங்குவது, ரேடியோ செட்காரரிடம் பேரம் பேசுவது, வழுக்கு மரத்துக்கு எண்ணெய், உறியடிக்குப் பானை, பரிசுக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று எல்லாம் அவர்கள் பொறுப்பு. கோலப் போட்டிக்கு எல்லாத் தெருக்காரர்களும் ஒப்புக்கொள்கிற நடுவரைத் தேடிப் பிடிப்பது ஒரு தனிக்கலை. கடைசி நாள் வரவு செலவை மைக்கில் வாசிக்கவும் செய்வார்கள். இதையெல்லாம் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைத்திருக்காது. வகுப்பில் நோட்டு எழுதாமல் எழுந்து நிற்கிற பையன் அங்கே பொருளாளர். அவனுக்கு யாரும் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுக்கவில்லை. நோட்டும் பணமும் அவன் கையில் இருக்கிறது, நூறு ரூபாய் குறைந்தாலும் ஊர் அவனைத்தான் கேட்கும்.

பேரணியில் அவன் முடிவெடுக்க என்ன இருந்தது? அவன் வராமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பிள்ளைகள் இதை ரொம்பச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யுனிசெஃப்புக்காக எழுதியபோது, பொதுக் காரியங்களில் பிள்ளைகளின் பங்கை எட்டுப் படி கொண்ட ஏணியாகப் போட்டுக் காட்டினார். பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது முதல் படி, அலங்காரத்துக்கு நிறுத்துவது இரண்டாம் படி, பேருக்குச் சேர்த்துக்கொள்வது மூன்றாம் படி. இந்த மூன்றையும் அவர் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் பாவாடை தாவணியோடு பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் ஏந்தி நிற்கிற நம் பெண்பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் பள்ளியில் எந்த அழைப்பு வந்தாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன். இவர்கள் வராவிட்டால் இந்த வேலை நிற்குமா? நிற்காது என்றால் ஆள் அனுப்புவதில்லை. இதனால் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு, இருக்கட்டும்.

அப்படி நிற்கக்கூடிய வேலை எது? நாங்கள் தத்தெடுத்த கிராமத்தில் செய்த தண்ணீர்ச் சோதனையைச் சொல்கிறேன். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறார். அது போதுமா என்று தெரிய வேண்டுமானால், குழாயில் வரும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிச்சம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் இருப்பது பெரிய விஷயமில்லை. லைனின் கடைசிக் குழாய் வரை போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. இதை அளக்கத் தினமும் தெருத்தெருவாகப் போக யாருக்கும் நேரமில்லை. பிள்ளைகளுக்கு இருந்தது.

முதலில் ஊரின் படத்தை அவர்களே போட்டார்கள். எந்தத் தெருவில் எத்தனை பொதுக்குழாய், எது கடைசி, எங்கே எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள், எல்லாம் அதில் இருந்தது. குழுவை மட்டும் நான் பிரித்தேன். எந்தக் குழு எந்தத் தெருவுக்குப் போவது என்பதில் தலையிடவில்லை. குளோரினை அளக்கும் பழைய குளோரோஸ்கோப் பெட்டியில் ஆர்த்தோடொலிடின் கரைசல் இருக்கும், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். அது உடம்புக்கு ஆகாத சரக்கு, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. டி.பி.டி. மாத்திரை இருக்கிறது, குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டும். அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

தொட்டிப் பக்கத்தில் நல்ல ரோஸ் வந்தது. கடைசித் தெருவில் மாத்திரை கரைந்த பிறகும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரை கெட்டுப்போயிருக்குமோ சார்?" என்றாள். இன்னொன்று போட்டாள். அதே கதை. உடனே ஒரு பையனைச் சைக்கிளில் விரட்டித் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, அதே அட்டையிலிருந்து மாத்திரையைப் போட்டாள். சிவந்தது. மாத்திரை நல்ல மாத்திரைதான். ஒப்பீட்டுச் சோதனை என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டபோதெல்லாம் இவர்களில் ஒருத்தரும் அதைச் சட்டை செய்ததில்லை.

டேங்க் ஆபரேட்டர் முதலில் முறைத்தார். "யாரு புகார் குடுத்தா?" என்றார். புகாரெல்லாம் இல்லை, நீங்க பவுடர் போடுறப்ப கூட வரலாமா அண்ணே என்று இரண்டு பேர் கேட்ட பிறகு மனுஷன் இளகிவிட்டார். பவுடர் மூட்டையைக் கட்டாமல் விட்டால் காற்றும் ஈரமும் பட்டு வீரியம் போய்விடும், நடுத் தெருவில் பைப் கசிகிறது, அவருக்குச் சம்பளம் எவ்வளவு, எல்லாம் வெளியே வந்தது. பிள்ளைகளைக் குறை கண்டுபிடிக்கும் ஆட்களாக அனுப்பினால் ஊரில் ஒரு கதவும் திறக்காது. கற்றுக்கொள்ள வந்தவர்களாகப் போனால் எல்லாரும் பேசுவார்கள்.

அளந்து முடித்தாயிற்று, அடுத்து என்ன? இங்கேதான் பல முயற்சிகள் படுத்துவிடும். சார்ட் பேப்பரில் அழகாக எழுதிப் பள்ளிக் கண்காட்சியில் மாட்டிவிட்டுப் போய்விடுவோம். கிராம சபைக்கு எடுத்துப் போக வேண்டும். தமிழ்நாட்டில் முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய சபை, 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், எங்களுக்குத் தோதான நாள். ஒரு சிக்கல் உண்டு. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள். சபை செல்லக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்கிற கோரம் கணக்கில் பதினாறு வயதுப் பிள்ளை வராது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 10,000-க்கு மேல் என்றால் 300 பேர் வர வேண்டும். அந்தத் தலைக்கணக்கைச் சேர்ப்பதிலேயே கவனம் இருப்பதால் பிள்ளைகளை யாரும் கூப்பிடுவதில்லை. போதாக்குறைக்கு மார்ச் மாதம் பரீட்சை.

பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். அளவெல்லாம் தை மாதமே எடுத்து முடித்தாயிற்று. சபைக்கு அவரவர் வீட்டிலிருந்து ஓட்டு உள்ள ஒருவரை அனுப்புவது என்று பேசிக்கொண்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலும் அம்மாக்கள், இரண்டொரு பாட்டிகள். ஓர் அம்மா தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறித் தெருவாரியாக அளவை வாசித்தார். "எம்பிள்ளை அளந்தது, பொய்யா இருந்தா நீங்களே அளந்து பாருங்க" என்று முடித்தார். தீர்மானம் எழுதப்பட்டது. கசிவை அடைத்தார்கள். கடைசித் தெருவுக்குத் தனி வால்வு கேட்ட தீர்மானம் இன்னும் தீர்மானமாகவே இருக்கிறது. அதன் நிலை என்ன என்று கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மாணவன் மனுப் போட்டிருக்கிறான். 2005-ம் ஆண்டுச் சட்டம் குடிமக்கள் என்றுதான் சொல்கிறது, வயது வரம்பு எதுவும் வைக்கவில்லை.

இனிச் சில நடைமுறை விஷயங்கள். பொங்கல் தாண்டினால் பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் தொடாதீர்கள், வீட்டில் விட மாட்டார்கள், விடாததும் நியாயம்தான். வேலையை இரண்டு மணி நேரத் துண்டுகளாகப் பிரியுங்கள். சாக்கடையில் இறக்காதீர்கள், நெடுஞ்சாலையில் போக்குவரத்தைச் சரிசெய்ய நிறுத்தாதீர்கள். ரத்ததானம் 18 நிரம்பியவர்களுக்குத்தான், ஆனால் முகாமுக்கு ஆள் திரட்டுவதையும் பதிவு மேசையையும் பதினாறு வயதுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் சாப்பாடு போட வேண்டும், பிஸ்கட் பாக்கெட் போதாது.

பெண்பிள்ளைகள் வருவதில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, அங்கே கழிப்பறை இருக்கிறதா? பாதி நிகழ்ச்சிகளுக்கு இதற்கே பதில் கிடையாது. பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி நிகழ்ச்சி எதைப் பற்றி என்பதாக இருக்காது. யார் கூட்டிப் போவது, யார் கொண்டுவந்து விடுவது, எத்தனை மணிக்கு? கடிதத்தில் இதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கூட ஓர் ஆசிரியை வர வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையைத் தனியாக எங்கும் கூட்டிப்போகக் கூடாது, திட்ட அலுவலரும்தான். எங்கள் அனுபவத்தில் ஒரு தடவை வந்த பெண் அடுத்த முறை தங்கையையும் கூட்டி வருவாள். தடை முதல் தடவைதான்.

சாதியைப் பேசாமல் இதைப் பேச முடியாது. நான் மெச்சிய அதே பொங்கல் விளையாட்டுப் போட்டி பெரும்பாலும் ஒரு தெருவுக்குள், ஆண்பிள்ளைகளுக்குள் நடப்பது. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு போட்டது. 2024-ல் வந்த அறிக்கை, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறை அறுப்பது ஒரு பக்கம். இரண்டு தெருப் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்க வேண்டாமா? கூட்டத்தைக் கோயில் திடலில் வைத்தால் யார் வர மாட்டார்கள் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். பள்ளி, நூலகம், ஊராட்சி அலுவலகம் மாதிரிப் பொது இடத்தில் வையுங்கள். குழு பிரிக்கும்போது வகுப்பு எண் வரிசைப்படி பிரியுங்கள். "உன் தெருவை நீ பாத்துக்கோ" என்று ஒருபோதும் விடாதீர்கள். குழு பிரிப்பது ஒன்றில் மட்டும் நான் பிள்ளைகள் முடிவுக்கு விடுவதில்லை.

நகரத்தில் இருப்பவர்கள் எங்களுக்குக் கிராம சபை ஏது என்பார்கள். 2022 நவம்பர் 1 முதல் நகர வார்டுகளில் பகுதி சபைகள் நடக்கின்றன, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சென்னையில் இன்னொரு நல்ல உதாரணமும் உண்டு. 1988-ல் மாணவர்களே ஆரம்பித்த ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ராத்திரி முழுக்க கடற்கரையில் நடக்கிறது. பங்குனி ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். அன்று நடக்க ஆள் இல்லையென்றால் நாய் தோண்டித் தின்றுவிடும். யாரும் கொடியசைக்காமலே அது இத்தனை வருடம் ஓடுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் தரலாமா என்று கேட்கிறார்கள். தாருங்கள், தப்பில்லை. ஆனால் என்ன வேலை செய்தான் என்று அதில் ஒரு வரி எழுதித் தாருங்கள். "கலந்துகொண்டமைக்காக" என்று அச்சடித்த காகிதத்தை அவர்கள் மதிப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். பத்தாவதோடு நின்று மெக்கானிக் ஷெட்டுக்கும் மில்லுக்கும் போன பதினேழு வயதுக்காரர்கள் எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கு அழைப்பு பள்ளி வழியாகப் போகாது. கபடிக் குழுத் தலைவனிடம் சொல்ல வேண்டும், மில் பஸ் நிற்கும் இடத்தில் சொல்ல வேண்டும், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டும். 17 முடிந்தாலே வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம் என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இப்போது அந்தப் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுகளுக்குப் போகிறார்கள். படிவத்தை நிரப்பிக்கொண்டே, அடுத்த ஞாயிறு தண்ணீர் அளக்க வர முடியுமா என்றும் கேட்டுவிட்டு வருகிறார்கள்.