பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்: அறிவிப்பு வந்தால் ஊரில் என்ன மாறும்?

ஓர் ஊரின் மலையையோ கண்மாயையோ பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவினால், அவ்வூர் மக்களிடமிருந்து முதலில் எழும் கேள்வி, ‘இனி மாடு மேய்க்க விடுவார்களா?’ என்பதாகவே இருக்கும். சரணாலயம் என்றால் அந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயம் அமையும்போது, அந்நிலத்தின் மீது மக்களுக்குள்ள உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்வு செய்ய வேண்டும். நுழைவதற்கும் மேய்ச்சலுக்கும் கட்டுப்பாடுகள் வரும். பாரம்பரியத் தலம் அவ்வகையைச் சேர்ந்தது அன்று.

இதற்கு அடிப்படை, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவாகும். உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்து, பல்லுயிர் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளை மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. மக்கள் வழிவழியாகச் செய்துவரும் மேய்ச்சல், வழிபாடு, நீர்ப் பயன்பாடு போன்றவற்றுக்கு, அவர்களே விரும்பி ஏற்கும் கட்டுப்பாடுகளைத் தவிர வேறு தடை விதிக்கும் நோக்கம் இதற்கு இல்லை என்பதைத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தெளிவுபடுத்துகின்றன. அறிவிப்பினால் எவருக்கேனும் பொருளாதார இழப்பு நேர்ந்தால், அவர்களுக்கு இழப்பீடோ மறுவாழ்வோ வழங்கும் திட்டத்தை மாநில அரசு வகுத்தாக வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. அதிகம் பேசப்படாத உட்பிரிவு இது.

தமிழ்நாட்டின் முதல் தலம், மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்திலுள்ள அரிட்டாபட்டி. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களிலும் சேர்த்து 193.42 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து வழியும் நீரைத் தேக்கும் ஆனைகொண்டான் உள்ளிட்ட கண்மாய்கள், சமணர் படுக்கைகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்திலான கல்வெட்டுகள், குடைவரைச் சிவன் கோயில் ஆகியவற்றோடு ஏறத்தாழ 250 பறவை இனங்களும் பதிவாகியுள்ள ஊர் இது. லகர் வல்லூறும் இராசாளியும் வட்டமிடும் பாறைகளுக்குக் கீழேயே வயல்கள் இருக்கின்றன. இங்குள்ள தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு ஆகியவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், பட்டா நிலத்திற்குள் வந்தாலும் அவற்றை வேட்டையாடுவது குற்றமே. குறைந்தது மூன்றாண்டு சிறைத்தண்டனை உண்டு. இந்தப் பாதுகாப்பு தல அறிவிப்பினால் வந்ததன்று, நாடெங்கும் பொருந்துவது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடும், ஈரோடு மாவட்டம் எலத்தூர் ஏரியும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. காசம்பட்டிக் கோயில்காட்டின் பரப்பு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. இத்தகைய சிறு நிலங்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு என்பதே இதன் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

அறிவிப்பின் வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 37ஆம் பிரிவில் சுரங்கத்திற்குத் தடை என்று ஒரு சொல்லும் கிடையாது. தலத்தின் மேலாண்மைக்கான விதிகளை மாநில அரசு ஒன்றிய அரசைக் கலந்தாலோசித்து வகுக்கலாம். 2024 நவம்பரில் ஏலம் முடிந்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு அரிட்டாபட்டித் தலத்தின் நிலம். தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எஞ்சியதைத் தோண்டலாம் என்ற யோசனையும் அப்போது எழுந்தது. கிராம சபைத் தீர்மானங்கள், மக்கள் போராட்டம், 2024 டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் ஆகியவற்றுக்குப் பின்னரே, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அரசிதழ் அறிவிப்பு ஒரு வலுவான வாதமாக நின்றது. ஆனால் அது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை.

தங்கள் ஊரின் கண்மாயையோ கோயில்காட்டையோ இதற்கு முன்மொழிய விரும்புவோர், ஊராட்சி அலுவலகத்திலிருந்து தொடங்கலாம். சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அக்குழு மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். பல இடங்களில் குழு தாளளவிலேயே இருப்பதால், பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்ப்பது நல்லது. எந்தக் கருவேல மரத்தில் எந்த மாதம் எந்தப் பறவை அடைகிறது, கண்மாயில் முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன் எது, எந்த மூலிகையை யார் பறிக்கிறார்கள் என்பன ஊர் வழக்கிலுள்ள பெயர்களோடு அதில் இருக்க வேண்டும். விடுபட்டவற்றைச் சேர்க்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, முன்மொழிவை அத்துடன் இணைத்து மாநிலப் பல்லுயிர் வாரியத்திற்கு அனுப்பலாம்.