கிராஃபிக்ஸ் கார்டு – வரைகலை அட்டை

கணினி ஆக்கும் படத்தைத் திரை ஏற்கும் சமிக்ஞையாக மாற்றி அனுப்பும் செருகு அட்டைதான் கிராஃபிக்ஸ் கார்டு. வீடியோ கார்டு, டிஸ்பிளே கார்டு என்றும் சொல்வார்கள். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் வெறும் ‘கார்டு’ என்றாலே புரிந்துகொள்வார்கள். தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் வரைகலை அட்டை.

பெயர்கள் பலவானாலும் பொருள் ஒன்றே. அந்தப் பொருள் செய்யும் வேலைகளோ இரண்டு. படத்தைத் தானே வரைவது ஒன்று. சுருக்கி வைத்த படத்தை விரித்துக் காட்டுவது மற்றொன்று. டிவியோடு இணைத்துப் படம் பார்க்கவென்றே வைத்திருக்கும் கணினியில் பழைய கார்டு போய்விட்டால், மாற்றுக் கார்டு தேடுகிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். ‘நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கொடுங்கள்’ என்று கேட்டால் விளையாட்டுக்கான கார்டைத்தான் எடுத்து வைப்பார்கள். அது முதல் வேலையில் வல்லது. வீட்டுத் திரையரங்குக்கு வேண்டியது இரண்டாவது.

சொல்லின் வேருக்கு வருவோம். கிராஃபிக்ஸ் என்பதன் அடி ‘கிராஃபெயின்’ என்ற கிரேக்க வினை. கீறுதல், எழுதுதல், வரைதல் மூன்றும் அதற்குப் பொருள். தமிழில் ‘எழுது’ என்ற வினையும் இப்படித்தான் பரந்து நின்றது. ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். பின்னாளில் எழுது எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. படத்தை ‘வரை’ எடுத்துக்கொண்டது. வரை என்றால் கோடிடு, எல்லை வகு. அகப்பாடல்களில் மணந்துகொள் என்றும் பொருள். வரையும் கலை வரைகலை. முக்காலத்துக்கும் பொதுவாக நிற்கும் வினைத்தொகை இது. ஆக்கியவர்கள் ஆங்கிலத்தை எழுத்தெண்ணி மாற்றாமல் தமிழின் போக்கிலேயே ஆக்கியிருக்கிறார்கள். அதனால்தான் பாடநூலிலும் பத்திரிகையிலும் இயல்பாகப் புழங்குகிறது.

கார்டின் வரலாறு இன்னும் சுவையானது. பாப்பிரஸ் தாளைக் குறித்த ‘கார்தேஸ்’ என்ற கிரேக்கச் சொல் லத்தீனில் கார்த்தா ஆகி, ஆங்கிலத்தில் கார்டு ஆனது. அதே சொல் அரபியில் கிர்தாஸ் ஆகி, போர்ச்சுகீசியர் வாயில் கர்த்தாஸ் ஆகி, நம் கரையில் ‘கடுதாசி’யாக இறங்கியது. கடுதாசியும் கார்டும் ஒரே வேரின் இரு கிளைகள். ஆனாலும் இந்த இடத்துக்குக் கடுதாசி பொருந்தாது. அஞ்சல் அட்டை, குடும்ப அட்டை, அடையாள அட்டை என்று கார்டுக்கு அட்டையே வழக்கில் வேரூன்றிவிட்டது. மதர்போர்டைத் தாய்ப்பலகை என்கிறோமே, இதையும் வரைகலைப் பலகை என்றால் என்ன என்று கேட்கலாம். தாய்ப்பலகை பெட்டிக்குள் நிலையாக இருப்பது. இது அதில் செருகி எடுப்பது. இரண்டுக்கும் இரண்டு சொல் இருப்பதே நல்லது.

கிராஃபிக்ஸ் இந்தப் பெயருக்குள் நுழைந்ததற்கும் காரணம் உண்டு. 1981இல் ஐபிஎம் தன் பிசியோடு இரண்டு அட்டைகளை விற்றது. எம்டிஏ (மோனோகுரோம் டிஸ்பிளே அடாப்டர்) எனப்பட்டது எழுத்துகளை மட்டும் காட்டியது. படம் போட அதனால் முடியாது. மற்றொன்று சிஜிஏ, அதாவது கலர் கிராஃபிக்ஸ் அடாப்டர். புள்ளி புள்ளியாகப் படம் வரையவும் நிறம் காட்டவும் அதனால் முடிந்தது. எழுத்தை மட்டும் காட்டுவதிலிருந்து வேறுபடுத்தவே அதன் பெயரில் ‘கிராஃபிக்ஸ்’ சேர்ந்தது. 1987இல் வந்த விஜிஏவின் (வீடியோ கிராஃபிக்ஸ் அர்ரே) முதலெழுத்து வீடியோவைக் குறிப்பது. ‘காண்கிறேன்’ என்று பொருள்படும் லத்தீன் வினை அது; ‘கேட்கிறேன்’ என்ற ஆடியோவுக்கு இணையாகத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் காணொளி, காணொலி, நிகழ்படம் என்று மூன்றும் வழங்குகின்றன. அட்டையிலிருந்து திரைக்குப் போவது ஒளியாக மாறும் சமிக்ஞை என்பதால், இந்த இடத்தில் காணொளியையே நான் தேர்வேன்.

ஜிபியு (கிராஃபிக்ஸ் புராசஸிங் யூனிட்) என்பது அட்டையல்ல, அட்டைமேல் இருக்கும் சில்லு. சோனி 1994இல் பிளேஸ்டேஷனுக்கு இந்தச் சொல்லைக் கையாண்டது. 1999இல் ஜீஃபோர்ஸ் 256ஐ வெளியிட்ட என்விடியா அதை ஊரறியச் செய்தது. தமிழில் வரைகலைச் செயலி என்கிறோம். கைப்பேசி ஆப்புக்கும் செயலி என்றே பெயராகிவிட்டதால் குழப்பம் வருகிறது. வரைகலைச் செயலகம் என்றால் தெளிவாக இருக்கும்.

இனி அந்த இரண்டாவது வேலை. 4கே படத்தின் ஒரு சட்டகத்தில் (ஃபிரேம்) 3840 × 2160 புள்ளிகள், ஏறக்குறைய 83 லட்சம். நொடிக்கு 24 சட்டகம், புள்ளிக்கு 24 பிட் என்று கொண்டால் நொடிக்கு 480 கோடி பிட்டை நெருங்கும். அதை அப்படியே இணையத்தில் அனுப்ப முடியாது. பல நூறு மடங்கு சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். சுருக்குவது குறியாக்கம், விரிப்பது குறிநீக்கம், இரண்டுக்குமான முறை கோடெக். குறிநீக்கத்துக்கென்றே சில்லுக்குள் தனிப் பகுதி இருக்கிறது. வந்திருக்கும் கோடெக் அதற்குத் தெரிந்தால் படம் ஓசையின்றி ஓடும். தெரியாவிட்டால் சுமை முழுதும் கணினியின் மையச் செயலகத்தின் (சிபியு) தலையில் விழும். படம் திக்கும், விசிறி இரையும். விளையாட்டில் எத்தனை வேகம் காட்டினாலும் இந்தப் பகுதி பழையதாக இருந்தால் பயனில்லை.

ஆகவே கார்டின் விவரத் தாளில் முதலில் தேட வேண்டியவை எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 ஆகிய கோடெக்குகள். என்விடியாவின் ஜிடி 710 மலிவாகக் கிடைக்கும். எச்இவிசி குறிநீக்கம் அதில் இல்லை, டிவிக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ இணைப்பு பழைய 1.4 என்பதால் 4கேயில் நொடிக்கு 30 சட்டகத்தோடு நின்றுவிடும். வேண்டாம் என்றே சொல்வேன். 2017இல் வந்த ஜிடி 1030க்கு எச்இவிசியும் விபி9உம் தெரியும், ஏவி1 தெரியாது. 30 வாட்தான் இழுக்கும், விசிறியே இல்லாத வடிவிலும் வந்தது. ஆனால் மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு ஒன்றை விட்டார்கள். அதன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஏஎம்டி 2022இல் விட்ட ஆர்எக்ஸ் 6400 ஐந்தாண்டு புதியதானாலும் அதற்கும் ஏவி1 தெரியாது.

ஏவி1 வேண்டும் என்றால் இன்டெல் ஆர்க் ஏ310, அல்லது 2024இல் வந்த என்விடியாவின் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. பின்னது 70 வாட். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் தரும் 75 வாட்டுக்குள் அடங்குவதால் தனி மின்கம்பி தேவையில்லை. 8 ஜிபி 3050 என்றால் 130 வாட், தனிக் கம்பி வேண்டும். ஆர்க் வாங்குகிறவர்கள் தாய்ப்பலகையையும் அதிலுள்ள செயலகத்தையும் பார்க்க வேண்டும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய செயலகம் உள்ள கணினிகளை, ஆர்க்குக்கு ஏற்றவை என்ற தன் பட்டியலில் இன்டெல் சேர்க்கவில்லை. மேசைக் கணினியில் பதினோராம் தலைமுறை இன்டெல் செயலகம் இருந்து, அதன் பெயர் எஃப் எழுத்தில் முடியாவிட்டால் (எஃப் என்றால் உள்ளமை வரைகலை இல்லை), உள்ளமை வரைகலையே ஏவி1ஐ விரித்துவிடும். அப்போது கார்டு வாங்கவே வேண்டாம்.

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்: லோ புரொஃபைல். டிவிக்கு அடியில் வைக்கும் ஒல்லிப் பெட்டிகளில் வழக்கமான 111 மில்லிமீட்டர் உயரக் கார்டு நுழையாது. 69 மில்லிமீட்டர் கார்டே பொருந்தும். தாழ்முகம், குறைந்த சுயவிவரம் என்றெல்லாம் இயந்திர மொழிபெயர்ப்பில் வருவது பொருளற்றது. குட்டை அட்டை என்பதே போதும். அட்டை குட்டையாக இருந்தும் முழு உயரப் பின்தகட்டோடு வரும் கார்டுகள் உண்டு. குட்டைத் தகடும் பெட்டியில் இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.