தீக்காய வார்டிலிருந்து ஓர் அணுகுண்டுக் கணக்கு

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் 40 சதவீதம் வெந்துபோய் எங்கள் வார்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். முதல் 24 மணி நேரத்தில் சுமார் 9.6 லிட்டர் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல்) நரம்பு வழியே ஏற்ற வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கிட்டத்தட்ட இருபது. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். தீப்பட்ட நிமிடத்திலிருந்தே கணக்கு, ஆம்புலன்ஸில் கழிந்த நேரமும் சேர்த்தி. சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்று மணிக்கொரு தரம் பார்க்க நர்ஸ் வேண்டும். அப்புறம் வாரக்கணக்கில் கட்டுப் பிரித்தல், தோல் ஒட்டும் அறுவை. இப்படிப் பத்துப் பேர் ஒன்றாக வந்தாலே பெரிய மருத்துவமனையும் திணறும்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அந்நகரத்து டாக்டர்கள், நர்ஸ்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள்.

குண்டே இல்லாத நாடு குண்டை ஒழிக்க என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். யாரிடம் எத்தனை ஏவுகணை என்ற பேச்சு நடக்கும்வரை அந்த நாடுகள் வேடிக்கைதான் பார்க்க முடியும். 2013 மார்ச்சில் நார்வே, ஓஸ்லோவில் கூட்டம் போட்டுப் பேச்சையே மாற்றியது: வெடித்தால் காயம்பட்டவர்களை யார் பார்ப்பது? 127 நாடுகள் வந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும்கூட வந்தன. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா வரவில்லை. எந்த அரசாலும், எந்த சர்வதேச அமைப்பாலும் அதைச் சமாளிக்க முடியும் என்று தோன்றவில்லை என்பதுதான் அங்கே கிடைத்த பதில். அடுத்த ஆண்டு மெக்சிகோவிலும் வியன்னாவிலும் இதே கேள்வி. வியன்னாவுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் வந்து உட்கார்ந்தன.

அந்தத் தொடர்ச்சியில்தான் 2017 ஜூலை 7-ல் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 122 வாக்குகளோடு நிறைவேறியது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இலங்கை 2023-ல் சேர்ந்தது. இந்தியா பேச்சுவார்த்தைக்கே போகவில்லை.

குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் கையெழுத்துப் போடவில்லையே என்பீர்கள். சரிதான், இதனால் இன்றுவரை ஒரு குண்டும் குறையவில்லை. ஆனால் டாக்டராக எனக்கு முக்கியமாகப் படுவது அதன் 6-வது பிரிவு. அணு ஆயுதத்தாலும் சோதனையாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி தர வேண்டும், நஞ்சான நிலத்தைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அது. இந்த வேலையை முன்னின்று எடுத்துப்போகிறவை, தங்கள் மண்ணில் சோதனைகளைத் தாங்கிய கஜகஸ்தானும் பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியும்தான். கஜகஸ்தானின் செமிபலாடின்ஸ்க் களத்தில் மட்டும் சோவியத் யூனியன் 456 சோதனைகள் நடத்தியது.

வெளியுறவு அமைச்சகங்களை மட்டும் நம்பிப் பயனில்லை, சுகாதார அமைச்சகங்களும் இதில் இறங்க வேண்டும் என்பது என் வாதம். அந்த வழி திறந்துதான் இருக்கிறது. 2025 மே மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவையில் மார்ஷல் தீவுகள், சமோவா, வனுவாட்டு போன்ற குட்டி நாடுகள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. மார்ஷல் தீவுகளில் 1946-க்கும் 1958-க்கும் இடையில் அமெரிக்கா 67 குண்டுகளைச் சோதித்தது. அணுப் போரால் மக்கள் உடல்நலத்துக்கு என்ன ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் 1980-களில் எழுதிய அறிக்கைகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பதுதான் தீர்மானம். எதிர்ப்பையும் மீறி அது நிறைவேறியது.