டெசிபல் மீட்டருக்குச் சிக்காத சத்தம்

மார்த்தாண்டத்தில் காது பரிசோதனை மையம் நடத்துகிறேன். முன்பெல்லாம் வருகிறவர்கள் இரண்டே வகை: வயதானவர்கள், மர மில் தொழிலாளர்கள். இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. காலையில் குழித்துறையில் ரயிலேறி, பாறசாலையில் கேரள எல்லை கடந்து, திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் இறங்கும் மென்பொருள் பொறியாளர்கள்.

அவர்களில் ஒருவர் சொன்னார்: “டாக்டர், பேசுவதெல்லாம் கேட்கிறது. வேலை செய்யும்போதுதான் எதுவும் தலையில் நிற்கவில்லை. புத்தி மங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.” நான் டாக்டர் அல்ல, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னேன். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எல்லா இடத்திலும் 10, 15 டெசிபலிலேயே கேட்டுவிட்டார். 20க்குள் இருந்தாலே இயல்பான காதுதான். அன்று காலையில்தான் ஒரு மர மில்காரர் வந்து போயிருந்தார். அவருடைய வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸில் கிணறு வெட்டியதுபோல் ஒரு பள்ளம்; இயந்திர இரைச்சல் விட்டுச்செல்லும் தடம் அது. “எனக்கு ஒன்றுமில்லை மக்களே, வீட்டுக்காரிதான் பிடித்துத் தள்ளினாள்” என்று சிரித்துக்கொண்டே போனார். காது கெட்டவர் சிரிக்கிறார். காது தெளிவாக இருப்பவர் கலங்குகிறார்.

பரிசோதனை முடிந்து கதவைத் திறந்தேன். பொறியாளர் எழுந்திருக்கவில்லை. “இன்னும் ஐந்து நிமிடம் இங்கேயே இருக்கட்டுமா?” என்று கேட்டார். ஒலி புகாத அந்தப் பெட்டியில் யாரும் விரும்பி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அலுவலகத்தைப் பற்றி விசாரித்தேன். தடுப்பே இல்லாத ஒரே கூடம், எண்பது பேர். இவருடைய முதுகுக்குப் பின்னால் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு. நாள் முழுவதும் தொலைபேசிப் பேச்சு. மேலாளரிடம் சொன்னதற்கு, அவர் கைப்பேசிச் செயலியில் அளந்து காட்டினாராம்: 58 டெசிபல். “டீக்கடை இதைவிடச் சத்தமாக இருக்குமே!”

மேலாளர் சொன்ன எண்ணில் பிழையில்லை. 58 டெசிபலில் எந்தக் காதும் கெடாது. ஆனால் அளக்க வேண்டியது அதையல்ல. எண்களையோ சொற்களையோ வரிசை மாறாமல் மனதில் வைத்திருக்கும்போது பக்கத்தில் பேச்சு ஒலித்தால் நினைவு பிசகும் என்பது 1970களிலிருந்தே ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. பேச்சின் உரத்தைக் கூட்டிக் குறைத்தாலும் விளைவு பெரிதாக மாறுவதில்லை. ஏற்ற இறக்கமில்லாத மின்விசிறி இரைச்சல் அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. நொடிக்கு நொடி மாறும் பேச்சுதான் உள்ளே புகுந்து கலைக்கிறது. நிரல் எழுதுகிறவருக்கு அந்த வரிசைதானே தொழில்? எந்த மாறியில் எந்த மதிப்பு, எந்தக் கிளையில் பிழை என்று ஏழெட்டு விஷயங்களை ஒன்றாகத் தாங்கிப் பிடித்திருக்கும்போது ஒரு வாக்கியம் குறுக்கே வந்தால் அடுக்கு மொத்தமும் சரியும்.

தெரியாத மொழியில் பேசினாலும் அந்த நினைவுச் சோதனைகளில் தடுமாற்றம் வரத்தான் செய்கிறது. படித்துப் புரிந்துகொள்ளும் வேலையில், பொருள் விளங்கும் பேச்சு இன்னும் மோசம். நம் எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் விளங்கும். பெருமைப்பட வேண்டிய விஷயம், ஆனால் அந்தக் கூடத்தில் அவர்களுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மொழிகூட இல்லை. தொலைபேசிப் பேச்சு இதற்கும் மேல். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் உரையாடல், இரு பக்கமும் கேட்பதைவிட அதிகமாகக் கவனத்தை இழுக்கிறது என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று மனம் தானாகவே நிரப்பப் பார்க்கிறது.

மன ஊக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், 40 பெண் எழுத்தர்களில் ஒரு பகுதியினரை மூன்று மணி நேரம் மிதமான அலுவலக இரைச்சலில் வேலை செய்யவைத்தார்கள். அமைதியில் இருந்தவர்களைவிட அவர்களுக்கு அட்ரினலின் கூடியிருந்தது. பிறகு கொடுத்த விடையில்லாப் புதிர்களை முயல்வதையும் சீக்கிரமே கைவிட்டார்கள். ஆனால் கேட்டபோது, அதிக அழுத்தம் இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. என்னிடம் வருகிறவர்களும் பெரும்பாலும் கூடத்தைக் குறை சொல்வதில்லை. தங்களைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

சுவரை எடுத்தால் மனிதர்கள் கலந்து பேசுவார்கள் என்பது வழக்கமான வாதம். ஹார்வர்டு ஆய்வாளர்கள் இரண்டு பெரிய நிறுவனங்களில் திறந்தவெளிக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. எண்பது பேர் கேட்க யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

தப்பிக்க எல்லோரும் எடுக்கும் வழி ஹெட்போன். என் தொழிலுக்குரிய கவலை இங்கேதான் தொடங்குகிறது. இரைச்சலை ரத்து செய்யும் வகை, ரயிலின் தாழ்ந்த உறுமலை நன்றாக அடக்கும். பேச்சை அந்த அளவுக்கு அடக்காது. அதனால் பாட்டை ஏற்றிவைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 வைத்தால் வாரத்துக்கு ஐந்தே மணி நேரம். கழக்கூட்டம் போய்வரும் ரயிலிலேயே அது தீர்ந்துவிடும். காதைக் கெடுக்காத அலுவலகத்துக்குப் பயந்து, காதைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒலியியலில் இதற்கென்றே ஓர் அளவு உண்டு: கவனச் சிதறல் தூரம். பேசுகிறவரிடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளிப்போனால் சொற்களின் தெளிவு ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது என்பதைக் கணக்கிடுவது. ஐ.எஸ்.ஓ. 3382-3 என்ற தரநிர்ணயத்தில் இருக்கிறது. கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை, மேசைகளுக்கிடையே தடுப்பு, தொலைபேசிக்குத் தனி அறை, மெல்லிய சீரான பின்னணி ஒலி ஆகியவை அந்தத் தூரத்தைக் குறைக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், பேசியே ஆக வேண்டிய பிரிவை வேறு மூலைக்கு மாற்றலாம், செலவு அதிகமில்லை.

அந்தப் பொறியாளரிடம் கருவியில்லாத ஒரு சோதனை சொல்லி அனுப்பினேன். அலுவலகம் காலியாக இருக்கும் சனிக்கிழமையில் நண்பர் ஒருவர் மலையாளப் பத்திரிகையை வழக்கமான குரலில் வாசித்தபடி பின்னோக்கி நடக்க வேண்டும். இவர் தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும். சொல் புரியாமல் போகும் இடத்தில் தரையில் டேப் ஒட்ட வேண்டும். அடுத்த வாரம் கூப்பிட்டார். நண்பர் கூடத்தின் மறுகோடிச் சுவரில் முதுகு முட்டி நின்றுவிட்டாராம். டேப் ஒட்ட இடமில்லை. ரப்பர் விலை, கடைசிக் காசு வரை கேட்டதாம்.